பொய் சொன்ன கம்பி

கார் பழுதாயிற்று என்றால் எல்லோரும் எஞ்சினைத்தான் ஐயுறுகின்றனர்; கம்பியை எவரும் நினைப்பதில்லை. சென்ற குளிர்கால விடுமுறையில் நம் நண்பர் ஒருவரின் தந்தையார் வாடகைக்கு ஓட்டும் பழைய கார் கரும்புகை கக்கிற்று. பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று பட்டறையில் கூறிவிட்டனர். அந்தச் செலவுக்குக் காரையே விற்க வேண்டும். அவருக்குப் பிழைப்போ அந்தக் கார்தான். ஒரு நாள் தவணை கேட்டு வாங்கினேன்.

எஞ்சினைச் சுற்றிவரும் நீரின் வெப்பத்தை அளக்க ஒரு சிறு சென்சார் உண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம். 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். இந்தத் தடையைக் கொண்டே கம்ப்யூட்டர் வெப்பத்தை அறிகிறது. வழியில் கம்பியின் இணைப்பு கெட்டு 2,000 ஓம் கூடிவிட்டால் என்ன ஆகும்? 80 டிகிரிக்குச் சூடேறிய எஞ்சினும் அப்போதுதான் கண் விழித்ததாகத் தெரியும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலை மிகுதியாக ஊட்டுவது கம்ப்யூட்டரின் கடமை, ஊட்டிக்கொண்டே இருக்கும். காட்டிய அளவு நம்பத்தக்கதாகவே இருந்தமையால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. அரசன் மீது குற்றமில்லை, தூதன்தான் பொய்யன்!

கம்பிக் கற்றையைப் பிரித்தோம். என்றோ எலி கடித்த கம்பியை யாரோ முறுக்கி டேப் சுற்றியிருந்தனர். உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு. சென்சாரில் செருகும் கனெக்டரின் பின்னும் அரித்துப் போயிருந்தது.

முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றினோம். கனெக்டரைப் படம் எடுத்துக்கொண்டோம். ஒரு சமயத்தில் ஒரு கம்பிதான். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நிறம் பார்த்துச் சேர்க்கலாம் என்பவன் விடிய விடிய விழித்திருப்பான். பின்னை வெறுமனே இழுத்தால் வராது. பூட்டுத் தகட்டை நீக்கி, முன்புறமாக மெல்லிய ஊசியை விட்டு உள்ளிருக்கும் சிறு நாக்கை அமுக்கினோம், நழுவி வந்தது.

புதுப் பின்னில் இரண்டு ஜோடிச் சிறகுகள் உள்ளன. ஒன்று செம்பு இழைகளைக் கவ்வும். மற்றது கம்பியின் மேலுறையைக் கவ்வும். அதிர்ச்சியைத் தாங்குவது இந்த இரண்டாவது ஜோடியே. சாதாரணக் குறடால் நசுக்கிப் பார்த்தேன். மெல்ல இழுத்ததும் கம்பி கையோடு வந்துவிட்டது. பிறகு கிரிம்ப் குறடு ஒன்றை இரவல் வாங்கினோம். “ஈயம் வைத்துப் பற்றிவிடலாமே” என்றார் நண்பர். ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும். அது முடிகிற இடத்தில், எஞ்சின் அதிர அதிர, கம்பி முறியும்.

இன்னொன்று: பெண் பின்னுக்குள் மல்டிமீட்டரின் தடித்த முனையைக் குத்தாதீர்கள். வாய் அகன்றுவிட்டால் பிடிப்புத் தளரும். பழுது தேடப் போய்ப் பழுதை உண்டாக்கியதாகும்.

அதே பருமனுள்ள கம்பியைப் பொருத்தி, இரு முனைகளுக்கிடையே அளந்தோம். ஒரு ஓமுக்கும் குறைவு. எஞ்சினை ஓட்டியதும் ஸ்கேனரில் வெப்பம் 14-இல் தொடங்கி 88 வரை ஏறி நின்றது. புகையைக் காணோம். நண்பரின் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்குத் தேநீர் வாங்கிவரப் புறப்பட்டார். கடை எதிரேதான் இருந்தது, காரிலேயே போனார்.