குழந்தை பிறந்த பின் தந்தையருக்கு ஏற்படும் மனச்சோர்வு: நீங்கள் அறிய வேண்டியவை

மகப்பேற்றுக்குப் பின் தாய்மாருக்கு மனச்சோர்வு ஏற்படலாம் என்பதை இன்று பலரும் அறிந்துள்ளனர். அதே காலத்தில் தந்தையும் மனச்சோர்வுக்கு உள்ளாகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக் கட்டுரை, பல நாடுகளில் நடந்த 43 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 28,004 பேரின் விவரங்களையும் தொகுத்து ஆராய்ந்தது. மனைவியின் கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை, ஏறத்தாழ பத்துத் தந்தையரில் ஒருவருக்கு மனச்சோர்வு காணப்படுவதாக அது தெரிவித்தது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் காலத்தில் இந்த அளவு மிக அதிகமாக இருந்தது.

நம் பகுதியில் இது ஏன் கவனிக்கப்படாமல் போகிறது?

மதுரை மாவட்டத்தில் மேலூருக்கு வடக்கே உள்ள கொட்டாம்பட்டி போன்ற ஊர்களில், முதல் பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வது வழக்கம். கணவர் அவ்வப்போது சென்று குழந்தையைப் பார்த்துத் திரும்புவார். சில மாதங்கள் கழித்தே தாயும் சேயும் புகுந்த வீட்டிற்கு அழைத்து வரப்படுவர். உறக்கமற்ற இரவுகள், செலவுகள், புதிய பொறுப்புகள் ஆகியவை தந்தையை முழுமையாக வந்தடைவது அப்போதுதான். அதற்குள் பிறப்பின் மகிழ்ச்சியும் உறவினர் வருகையும் ஓய்ந்திருக்கும். கிராம சுகாதார செவிலியர் தாயையும் குழந்தையையும் தாய்வீட்டிலேயே பார்த்திருப்பார். வேறோர் ஊரில் இருக்கும் தந்தையின் நலனை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனவே மனைவியும் குழந்தையும் வீடு திரும்பிய பின் வரும் சில மாதங்களில் உங்கள் மனநிலையை நீங்களே கவனித்துக்கொள்வது அவசியம்.

காரணங்கள் யாவை?

இதற்கு ஒரே காரணம் என்று எதுவும் இல்லை. பின்வருவன பாதிப்பின் வாய்ப்பைக் கூட்டுகின்றன:

- தாய்க்கும் மனச்சோர்வு இருத்தல்
- இதற்கு முன் மனச்சோர்வு ஏற்பட்டிருத்தல்
- கடன், வேலையின்மை, நிலையற்ற கூலி வருமானம்
- தொடர்ந்து உறக்கம் கெடுதல்
- குறைப்பிரசவம், குழந்தையின் உடல்நலக் குறைவு
- கணவன் மனைவியிடையே பிணக்கு, குடும்பத்தாரின் குத்தல் பேச்சு

குழந்தை பிறந்த பின் ஆணின் உடலிலும் மாற்றம் நிகழ்கிறது. தந்தையான பின் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைவதாகப் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் நடத்தப்பட்ட ஆய்வு 2011ஆம் ஆண்டில் தெரிவித்தது. குழந்தையைப் பெற்றெடுக்காமல் வளர்ப்போருக்கும், குறிப்பாகத் தத்தெடுத்த பெற்றோருக்கும், மனச்சோர்வு ஏற்படலாம்.

அறிகுறிகள்

ஆண்களிடம் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் சினமாகவோ விலகலாகவோ வெளிப்படலாம். கீழ்க்கண்டவற்றுள் சில இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள்:

- சிறு செய்திக்கும் எரிந்து விழுதல்
- வீட்டிற்கு வர மனமின்றி வேலையிடத்திலோ வெளியிலோ நேரத்தைக் கழித்தல்
- குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வராமை
- பசியின்மை, ஓயாத உடல் வலி, தலைவலி
- குழந்தையிடம் ஒட்டுதல் தோன்றாமை, அதனால் குற்ற உணர்வு
- குடிப்பழக்கம் புதிதாகத் தொடங்குதல் அல்லது மிகுதல்
- வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம்

உறக்கமின்மையால் வரும் களைப்பு, நன்கு ஓய்வெடுத்தால் பெரும்பாலும் குறையும். மனச்சோர்வு ஓய்வெடுத்த பின்னும் நீடிக்கும்.

சிகிச்சை

மனச்சோர்வு குணப்படுத்தக் கூடிய நோய். 1987ஆம் ஆண்டில் எடின்பரோவில் தாய்மாருக்காக உருவாக்கப்பட்ட பத்து வினாக்கள் கொண்ட படிவம் தமிழிலும் உள்ளது. கடந்த ஏழு நாட்களின் மனநிலையை அது கேட்கிறது. ஆண்களுக்கும் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆண்கள் தம் துயரத்தைக் குறைத்துச் சொல்லக் கூடும் என்பதால், தாய்மாருக்கான அளவைவிடக் குறைந்த மதிப்பெண் வந்தாலே அவர்களைக் கவனிக்க வேண்டும்.

லேசான பாதிப்புக்கு மனநல ஆலோசனையே பெரும்பாலும் போதுமானது. தேவையெனில் மருத்துவர் மாத்திரை தருவார். அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நலமடைந்ததும் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. தந்தை உட்கொள்ளும் மருந்து தாய்ப்பாலில் கலக்காது. ஆகவே குழந்தையை எண்ணி மருந்தைத் தவிர்க்க வேண்டியதில்லை.

சிகிச்சை பெறாத தந்தையின் மனச்சோர்வு குழந்தையையும் பாதிக்கலாம். குழந்தை பிறந்த எட்டு வாரங்களில் மனச்சோர்வுடன் இருந்த தந்தையரின் பிள்ளைகளிடம், மூன்றரை வயதில் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டதாக இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு 2005ஆம் ஆண்டில் தெரிவித்தது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

"பிள்ளை பெற்றவளே நன்றாக இருக்கிறாள், உனக்கென்ன?" என்று கேட்காதீர்கள். "உறங்க முடிகிறதா? சாப்பாடு இறங்குகிறதா?" என்று கேளுங்கள். இரவில் ஓரிரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருவரையும் உறங்கவிடுங்கள். தந்தைக்கு மனச்சோர்வு இருப்பது தெரிந்தால் தாயின் மனநிலையையும் கேட்டறியுங்கள். இருவருக்கும் ஒருசேர வருவது உண்டு. எனினும் மனைவியையோ குழந்தையையோ அடிப்பதற்கு மனச்சோர்வு நியாயம் ஆகாது. அத்தகைய நிலையில் பெண்கள் உதவி எண் 181ஐ அழைக்கலாம்.

எங்கே உதவி பெறலாம்?

குழந்தைக்கு 6, 10, 14ஆவது வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசி போடப்படுகிறது. அந்நாட்களில் நீங்களும் உடன் சென்று, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ உங்கள் நிலையைக் கூறுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை கிடைக்கும் இடத்தையும் நாளையும் அங்கேயே கேட்டறியலாம். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது.

நேரில் செல்லத் தயக்கம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். மனநல சிகிச்சை குறித்த விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 உங்களுக்கு அளிக்கும் உரிமை.

தற்கொலை எண்ணம் தோன்றினால் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள ஒருவரிடம் உடனே கூறுங்கள். 14416 அல்லது 108ஐ அழையுங்கள். குடும்பத்தினர் அவரைத் தனியே விடாமல், பூச்சிக்கொல்லி மருந்துகளை வீட்டிலிருந்து உடனே அப்புறப்படுத்த வேண்டும்.