உரிமை கைமாறிய வரி

கனடாவின் வான்கூவர் நகரில் வசித்த கிரேடன் ஹோர் என்னும் பொறியாளர், 2006ஆம் ஆண்டில் ஒருநாள் வீடு திரும்பியபோது, லிஃப்ட்டின் மென்பொருள் மறுபடியும் முடங்கிக் கிடந்தமையால், 21ஆம் மாடிக்குப் படியேறியே போக நேர்ந்ததாம். அந்த மூச்சிரைப்பில் உதித்த எண்ணந்தான், பிற்பாடு மோசில்லா நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே மாதத்தில் முதல் நிலையான பதிப்பாக வெளிவந்த ரஸ்ட் மொழி. (ரஸ்ட் என்றால் நமக்கு இரும்பில் ஏறும் துரு, அவர் நினைத்ததோ, எளிதில் அழியாத துருநோய்ப் பூஞ்சையை!)

சி போன்ற பழைய மொழிகளில், நினைவகத்தில் இடம் வாங்குவதும் வேலை முடிந்தபின் அதை விடுவிப்பதும் எழுதுகிறவர் பொறுப்பாகையால், விடுவித்த இடத்தையே ஞாபகப் பிசகாக அவர் மீண்டும் தொட்டுவிட்டால், நிரல் நிலைகுலைவதோடு சில சமயம் திருடனுக்கு வாசலும் திறந்துவிடும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மென்பொருள்களில் திருத்தும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகளே என்று 2019இல் ஒப்புக்கொண்டது. இத்தகைய பிழைகளை முளையிலேயே தடுப்பதுதான் ரஸ்டின் நோக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலும் 2022 டிசம்பரில் அதற்கு இடமளித்தது.

நினைவகத்திலுள்ள தரவைக் கடைக் கணக்குப் பேரேடு போல நடத்துவதே ரஸ்டின் சூட்சுமம். பேரேட்டுக்கு உரிமையாளர் ஒருவரே. அவர் அனுமதித்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏககாலத்தில் படிக்கலாம். ஆனால் ஒருவர் பேனாவை எடுத்துவிட்டால், அவர் எழுதி முடிக்கும்வரை வேறெவரும் எட்டிப்பார்க்கக்கூடாது. உரிமையாளரின் காலம் முடிந்ததும் நினைவகம் தானே விடுபடும். இவற்றையெல்லாம் நிரல் ஓடுவதற்கு முன்பே, அதைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் சோதித்துவிடுகிறது.

இதை நானே சோதித்துப் பார்த்தேன். ரஸ்ட்அப் என்னும் நிறுவியை இறக்கி, ‘கார்கோ நியூ’ என்று தட்டித் திட்டம் ஒன்றை உண்டாக்கி, ‘கார்கோ ரன்’ என்றதும் வணக்கச் செய்தி அச்சாயிற்று. அந்த உற்சாகத்தில், ஒரு மாறியிலிருந்த சொற்றொடரை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தால் முதல் மாறியையே அச்சிடச் சொன்னேன். ஈ0382 என்ற எண்ணோடு வந்தது மறுப்பு: உரிமை கைமாறியது எந்த வரியில், நான் அத்துமீறியது எந்த வரியில் என்று கோடிட்டுக் காட்டி, செலவு பாதகமில்லையெனில் பிரதி எடுக்கலாமே என்ற யோசனையையும் அடியில் சேர்த்திருந்தது. சொற்றொடருக்குப் பதில் வெறும் எண்ணை இட்டேன். எண்கள் தாமாகவே பிரதியாகிவிடுமாதலால் ஆட்சேபமில்லை. மறுபடி சொற்றொடரையே வைத்து, அதன் முன்னே ஒரு & குறியிட்டு, கொடையை இரவலாக்கினேன். இரண்டு மாறிகளும் அச்சாயின.