அலுமினிய வார்ப்பில் ஒரு விரிசல்

அலுமினியம் காற்றுப்பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது, அதனால் அது எளிதில் அரிக்கப்படுவதில்லை என்று வேதியியல் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். கண்ணுக்கே தெரியாத அந்தப் படலம் ஒரு குடும்பத்தின் பிழைப்பை நிறுத்திவைக்கக் கூடும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் நான் கண்டேன்.

என் தாய்மாமா முறுக்கும் மிக்சரும் மொத்தமாக வாங்கிச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ள கடைகளுக்குப் போடுகிறவர். அவருடைய வாகனம் ஒரு பழைய மாருதி 800. அந்தக் காரின் கியர் பாக்ஸ் முன்புறத்தில், எஞ்சினை ஒட்டியே இருக்கிறது. அதன் கூடு அலுமினிய வார்ப்பு. மண் சாலையில் துருத்திக்கொண்டிருந்த கல் ஒன்று அடித்து, கூட்டின் அடிப்பாகத்தில் நான்கு விரற்கடை நீளத்துக்கு விரிசல் விழுந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. எண்ணெய் வற்றினால் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் தேய்ந்து கெட்டுவிடும். வண்டி நின்றது, வியாபாரமும் நின்றது.

முதலில் போன பட்டறையில், கழற்றிய கூட்டைத் துணியால் துடைத்து, அரை மணி நேரத்தில் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் பற்றின் ஓரமாகவே மறுபடியும் வெடித்தது. ஏன் என்று கேட்டால் நாம் படித்த பாடமே விடை சொல்கிறது.

அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். வார்ப்புக்காகச் சிலிக்கன் கலந்தால் அதற்கும் கீழே. அதன்மேல் உள்ள ஆக்சைடோ 2000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். எனவே சூடேற்றும்போது உள்ளிருக்கும் உலோகம் உருகித் தளும்பும். மேலே உள்ள தோல் உருகாது. இரு ஓரங்களும் பக்கத்தில் பக்கத்தில் உருகி நின்றும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இரும்பைப் போல அலுமினியம் பழுக்கச் சிவந்து எச்சரிக்கையும் செய்யாது. வெள்ளையாக இருக்கும்போதே சட்டென்று குழைந்து விழுந்துவிடும்.

இந்தத் தோலை உரிக்கும் வழி மின்வில்லிலேயே இருக்கிறது. 1941-இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர், மக்னீசியத்தைப் பற்றவைப்பதற்காக டங்ஸ்டன் மின்முனையைச் சுற்றி ஹீலியம் வாயுவைச் செலுத்தும் முறையை உருவாக்கினார். இன்று நம் பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்று சொல்லப்படுவது அதன் வழிவந்ததே. அலுமினியத்துக்கு இதில் மாறுதிசை மின்னோட்டம் பயன்படுகிறது. டங்ஸ்டன் எதிர்மின்வாயாக இருக்கும் அரைச் சுற்றில் வெப்பம் வேலைப் பொருளுக்குப் பாய்கிறது. அது நேர்மின்வாயாக மாறும் அடுத்த அரைச் சுற்றில் ஆக்சைடு படலம் சிதறி அகல்கிறது. ஆர்கான் போர்வை புதிய ஆக்சைடு உண்டாகாமல் காக்கிறது. இயற்பியல் ஆசிரியர்கள் மாறுதிசை மின்னோட்டத்துக்கு இந்த எடுத்துக்காட்டையும் சொல்லலாமே!

ஆனால் மின்வில் ஆக்சைடை உரிக்குமே தவிர, எண்ணெயை நீக்காது. கியர் பாக்ஸ் கூடு ஆண்டுக்கணக்கில் எண்ணெயில் ஊறியது. எண்ணெய் என்பது ஹைட்ரோகார்பன். வில்லின் சூட்டில் சிதைந்து ஹைட்ரஜனைத் தருகிறது. திட அலுமினியத்தைவிட உருகிய அலுமினியம் ஏறத்தாழ இருபது மடங்கு ஹைட்ரஜனைக் கரைத்துக்கொள்ளும். உலோகம் உறையும்போது அந்த வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே குமிழிகளாகச் சிறைப்படுகிறது. பற்று வெளியே மினுமினுக்கும், உள்ளே இடியாப்பம்! போதாக்குறைக்கு, இத்தகைய கூடுகளை உயர் அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தி வார்ப்பதால், அப்போதே அடைபட்ட காற்றும் உலோகத்துக்குள் இருக்கும்.

இரண்டாவதாக நாங்கள் தேடிப் போனது ஒரு பெரியவரின் சிறு பட்டறை. கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசலுக்கும் பேரிங் அமரும் துளைக்கும் இடையே விரலை வைத்து அளந்தார். “துளைக்குள்ள போயிருந்தா நான் தொடமாட்டேன் தம்பி. அந்தத் துளை முடியளவு கோணினாலும் கியர் சத்தம் போடும்” என்றார்.

காலை பத்து மணிக்குத் தொடங்கியவர் மாலை வரை டார்ச்சைக் கையில் எடுக்கவில்லை. முதலில் மண்ணெண்ணெய்க் குளியல், பிறகு சோப்பு நீர். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டார். இல்லாவிட்டால் சூட்டில் விரிசல் மேலும் ஓடுமாம். பழைய பற்று முழுவதையும் குடைந்து எறிந்து, விரிசல் நெடுக ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டினார். பிறகு இளஞ்சூடு காட்டினார். உலோகத்துக்குள்ளிருந்து எண்ணெய் வேர்வை போலக் கசிந்தது. துடைத்தார், மறுபடி காட்டினார். இப்படி நான்கு முறை. கடைசியாக அசிட்டோன், அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருந்த துருப்பிடிக்காத எஃகுப் பிரஷால் ஒரு தேய்ப்பு. கூடு கோணாதிருக்க அதன் மறுபாதியோடு போல்ட் போட்டு இறுக்கினார். தெளித்த நீர்த்துளி சுரீரென்று மறையும் அளவுக்குச் சூடேற்றிய பிறகே வில் எரிந்தது.

நிரப்பு கம்பியில் 12 விழுக்காடு சிலிக்கன். இந்த அளவில் கலந்த அலுமினியம் ஏறக்குறைய 577 டிகிரியில் ஒரே வெப்பநிலையில் உறைவதால், பாதி உறைந்தும் பாதி உறையாமலும் இழுபட்டு வெடிக்கும் ஆபத்து குறைவு. நடுவே ஒரு குமிழி கிளம்பியதும் நிறுத்தி, அந்த இடத்தைத் தோண்டிவிட்டுத் தொடர்ந்தார். பற்றவைத்த நேரம் மொத்தம் முக்கால் மணிக்குள்தான். பிறகு கூட்டைக் கண்ணாடி நாரிழைத் துணியால் மூடி, இரவு முழுவதும் ஆறவிட்டார்.

மறுநாள் சோதனை. பற்றின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றினார். நுண்துளை ஒன்று இருந்தாலும் சுண்ணாம்பில் ஈரக்கறை தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் மாமா அந்த வெள்ளைப் பூச்சைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கறை தெரியவில்லை.

“முதல்லயே இங்க வந்திருக்கணும்” என்று மாமா சொன்னார். பெரியவர் பதில் சொல்லாமல் பிரஷைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

இப்போது கார் ஓடுகிறது. இரவில் வண்டிக்கு அடியில் மாமா ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைக்கிறார். காலையில் காப்பி குடிக்கும் முன்பு அதைத்தான் குனிந்து பார்க்கிறார்.