பள்ளி மைதானத்துப் புல்லும் பிரஷ் கட்டரும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் நம் பள்ளி மைதானங்களில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து நிற்கும். பாம்பு, பூச்சி பற்றிய அச்சம் ஒருபுறம். பிள்ளைகள் விளையாட இடமில்லையே என்ற கவலை மறுபுறம். எங்கள் பள்ளியில் சில ஆண்டுகள் பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டு மைதானத்தைச் சுரண்டினோம். புல் போனது, அடுத்த மழையில் மேல்மண்ணும் கரைந்து போனது. மிஞ்சியவை சேறும் பார்த்தீனியமும்தான். பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் பிரஷ் கட்டர் ஒன்றை வாங்கினோம்.

முதல் ஆண்டிலேயே நான் ஒரு தவறு செய்தேன். வகுப்புகள் நடக்கும் நேரத்தில் புல்லை வெட்டச் சொல்லிவிட்டேன். கத்தியில் பட்டுத் தெறித்த சரளைக்கல் ஏழாம் வகுப்பின் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அந்த ஜன்னலோரம் அமரும் மாணவி அப்போதுதான் கரும்பலகையில் கணக்குப் போட எழுந்து சென்றிருந்தாள். யாருக்கும் காயம் இல்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பின் கற்றுக்கொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

எவ்வளவு வெட்ட வேண்டும்?

புல்லின் இலை அடிப்பகுதியிலிருந்து வளர்கிறது. அங்கும் கணுக்களை ஒட்டியும் இருக்கும் இடை ஆக்குத்திசுவே இதற்குக் காரணம். மாடு மேய்ந்த புல் மீண்டும் தழைப்பதும் இதனால்தான். ஆனால் உணவு தயாரிப்பது பச்சை இலை. ஒரே முறையில் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் வேர் நலியும். தரை தெரியும் அளவுக்கு வெட்டினால் வெயில் பட்டுக் களை விதைகள் முளைக்கும். எனவே உயரமாக வளர்ந்த புல்லை ஒரு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறையாகக் குறைக்க வேண்டும். அருகம்புல் படர்ந்த மைதானத்தில் இறுதியாக இரண்டு அங்குலம் நின்றால் போதும். பனி ஈரம் காய்ந்த பிறகே வெட்டுங்கள். ஈரப்புல் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும்; காலும் வழுக்கும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

விடுமுறை நாளில், பழகிய பெரியவர் மட்டுமே வெட்ட வேண்டும். மாணவர்களிடம் இயந்திரத்தைத் தரவே கூடாது. முதலில் கம்பால் தட்டிக்கொண்டே மைதானம் முழுதும் நடந்து கல், கம்பி, பாட்டில் ஆகியவற்றை அகற்றுங்கள். வெட்டுபவருக்கு மூடிய காலணி, முழுக்கால் சட்டை, கண்ணாடி, காதடைப்பான் அவசியம். அவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் எவரும் நிற்கக் கூடாது. கத்தி இடஞ்சுழியாகச் சுற்றுவதால், வலமிருந்து இடமாக வீசி வெட்டினால் வெட்டிய புல் இடப்பக்கம் ஒதுங்கும்.

சுவரோரம் கத்திக்குப் பதிலாக நைலான் கயிற்றைப் பொருத்தலாம். ஆனால் மரக்கன்றுகளின் அருகே அதுவும் வேண்டாம். கயிறு பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் அதிலுள்ள புளோயம் அறுபட்டு, வேருக்கு உணவு செல்லாமல் கன்று பட்டுப்போகும். கன்றைச் சுற்றியுள்ள புல்லைக் கையால் பிடுங்குவதே நல்லது.

இயந்திரப் பராமரிப்பு

டூ ஸ்ட்ரோக் இயந்திரத்துக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை; பெட்ரோலிலேயே அதற்குரிய எண்ணெயைக் கலக்க வேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர். 25:1 என்றால் 40 மில்லிலிட்டர். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் தேய்ந்து இறுகிவிடும். கூடினால் புகை கக்கி, பிளக்கில் கரி படியும். விகிதப் பாடத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரத்தில் எண்ணெய் தனி; பெட்ரோலில் கலக்கக் கூடாது.

கத்தியைத் தொடும் முன் இயந்திரத்தை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிடுங்கள். மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கும். நுனி பழுப்பாவது அதன் அடையாளம். விரிசல் கண்ட கத்தியைத் தூக்கி எறியுங்கள், பற்றவைத்துப் பயன்படுத்தாதீர்கள். ஏர் ஃபில்டரில் படியும் தூசியை வேலை முடிந்ததும் நீக்குங்கள். நீண்ட விடுமுறைக்கு முன் தொட்டியைக் காலிசெய்து, மிச்ச எரிபொருள் தீர்ந்து தானாக நிற்கும்வரை இயந்திரத்தை ஓட்டுங்கள். இல்லையென்றால் பழைய பெட்ரோல் பிசுபிசுத்துக் கார்புரேட்டரை அடைத்துவிடும்.

இப்போது எங்கள் பள்ளியில் சனிக்கிழமைகளில்தான் புல் வெட்டுகிறோம். வெட்டிய புல்லை மரக்கன்றுகளின் தண்டைத் தொடாமல் மூடாக்காக இடுகிறோம். வெட்டிய நாள், ஊற்றிய எரிபொருள், செய்த பழுது எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். அதன் முதல் பக்கத்தில் நான் எழுதி வைத்திருப்பது ஒரே வரிதான்: ‘பிள்ளைகள் வளாகத்தில் இருக்கும்போது இயந்திரத்தை இயக்கக் கூடாது.’