இரவில் கைப்பேசி காதுக்கு மட்டும்

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் இந்த நேரத்தில், ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் படிவம் 5 மாணவி ஒருத்தி முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துவிட்டாள். ஓய்வு நேரத்தில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நேத்து எத்தனை மணிக்கும்மா படுத்த?"

"பத்தரைக்கே படுத்துட்டேன் டீச்சர். தூங்கத்தான் ரெண்டு மணி ஆயிடுச்சு."

"அதுவரைக்கும் என்ன பண்ணுன?"

"மனசு படபடன்னு இருந்துச்சு. கந்த சஷ்டி கவசம் போட்டுக் கேட்டேன்."

கவசம் கேட்டால் மனம் அடங்கும்தானே, பிறகு ஏன் ரெண்டு மணி? விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவள் கவசத்தைக் காணொளியாகப் போட்டிருக்கிறாள். நடுவில் விளம்பரம். முடிந்ததும் அடுத்த காணொளி தானாக ஓடியிருக்கிறது. அது என்ன என்று பார்க்கப்போய் ஒரு நகைச்சுவைக் காட்சி, அதிலிருந்து இன்னொன்று. சாமி கும்பிட்டுவிட்டுப் படுத்த பிள்ளை நள்ளிரவு தாண்டியும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டதில் தவறு இல்லை. காதால் கேட்க வேண்டியதைக் கண்ணாலும் கேட்டதுதான் சிக்கல்.

தூக்கம் ஏன் கலைகிறது?

இருட்டியதும் நம் உடலில் மெலட்டோனின் என்ற சுரப்பு கூடுகிறது. 'இரவாகிவிட்டது, ஓய்வெடு' என்று உடலுக்குச் சொல்வது அதுதான். முகத்துக்கு நேரே வெளிச்சம் இருந்தால் அந்தச் சுரப்பு தள்ளிப்போகும். அதோடு, அடுத்து எதைப் பார்க்கலாம் என்று விரலும் மனமும் தேடிக்கொண்டே இருக்கும். தேடுகிற மனம் தூங்காது.

பதின்ம வயதினருக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் படித்தது நினைவில் படிவதும் பெரும்பாலும் தூக்கத்தில்தான். ஆகவே, தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். செய்யுள் விளக்கத்தைப் பதிவுசெய்து இரவு முழுக்க ஓடவிட்டால் மனப்பாடம் ஆகிவிடும் என்று சில மாணவர்கள் நம்புகிறார்கள். ஆகாது. தூங்கும்போது புதுப் பாடம் ஏறாது, தூக்கம்தான் கெடும்.

கைப்பேசியை வானொலி ஆக்குவது எப்படி?

1. கேட்க வேண்டியதை மாலையிலேயே தேர்ந்தெடுத்து, ஒலிக்கோப்பாகப் பதிவிறக்கி வையுங்கள். படுத்த பிறகு தேடக்கூடாது.

2. விமானப் பயன்முறையைப் போடுங்கள். விளம்பரமும் வாட்ஸ்அப்பும் வராது, காலை அலாரம் மட்டும் வழக்கம்போல் அடிக்கும்.

3. தானாக நிற்கும்படி நேரம் குறியுங்கள். ஐபோனில் கடிகாரச் செயலியின் டைமரில், ஒலிக்குப் பதிலாக 'ஸ்டாப் பிளேயிங்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஸ்பாட்டிஃபையில் 'ஸ்லீப் டைமர்' இருக்கிறது. 20 நிமிடம் தாராளம்.

4. திரையைக் கவிழ்த்து, கை எட்டாத இடத்தில் வையுங்கள். காதணி ஒலிபெருக்கியோடு தூங்காதீர்கள். ஒலியைக் குறைத்து வெளியே கேட்கும்படி வைப்பதே காதுக்கு நல்லது. விடுதியில் இருப்பவர்கள் காதில் மாட்டினாலும், கண் சொருகும்போது கழற்றிவிடுங்கள்.

எதைக் கேட்கலாம்?

ஏற்கெனவே பழகிய, மெதுவான, 'அடுத்து என்ன?' என்று கேட்கத் தூண்டாத எதையும் கேட்கலாம். நீலாம்பரி நம் மரபில் தாலாட்டுக்கு உரிய ராகம். வீணையிலோ புல்லாங்குழலிலோ வாசித்த நீலாம்பரி நல்ல துணை. கவசம் சற்று வேகமான நடை உடையது. அதை அந்தி விளக்கேற்றும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சுப்ரபாதம் துயில் எழுப்பப் பாடுவது, அதைக் காலை அலாரமாக வையுங்களேன்! கிறிஸ்துவ மாணவர்களுக்கு ஞானப்பாடல், முஸ்லிம் மாணவர்களுக்குக் குர்ஆன் ஓதல் என அவரவர் வீட்டில் பழகிய ஒலியே சிறந்தது. பாட்டி பாடும் தாலாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவுசெய்து வைத்துக்கொண்டால், அதைவிட நல்ல செயலி கிடையாது.

தியானச் செயலிகள் பல உண்டு. ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பேசுகின்றன. சிலவற்றுக்குச் சந்தாவும் கட்ட வேண்டும். அதனால் நானே என் குரலில் ஐந்து நிமிடம் பதிவுசெய்து மாணவர்களுக்குக் கொடுத்தேன். ஆசிரியர்கள் இதை அப்படியே பயன்படுத்தலாம்:

"கண்களை மூடுங்கள். தோள்களைத் தளர்த்துங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். இன்றைக்குப் படித்தது போதும். மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம். மறுபடியும் மூச்சை இழுங்கள்..."

மூச்சை வெளியே விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, உடல் அமைதிக்குத் திரும்புகிறது. இதைப் பத்து முறை சொன்னாலே ஐந்து நிமிடம் ஓடிவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஒரு மாணவர் சொன்னால், அது ஒலிப்பதிவால் தீரும் காரியம் அல்ல. பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசி, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அந்த மாணவியிடம் இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். "இப்பல்லாம் பதினொண்ணுக்குள்ள தூங்கிடுறேன் டீச்சர். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் தூக்கமே வரல" என்றாள். பரவாயில்லை, அந்த ஒரு நாள் யாருக்கும் வராது. பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள்: "நீங்க ராத்திரி பதினோரு மணிக்குக் குரூப்ல நோட்ஸ் போடுவீங்க இல்ல டீச்சர், அதைப் பார்க்கத்தான் முதல்ல போனை எடுப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. பாடக்குறிப்புகளை இப்போது மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிடுகிறேன். ஆசிரியர்களே, நாமும் இதிலிருந்து தொடங்கலாம்.