பைப் வளையணும்... மடங்கக் கூடாது!

நாற்றங்கால் கூடாரத்துக்கு வீட்டிலேயே வளைவு போடும் வழி

‘10 அடி அகலத்துல சின்னதா ஒரு ஷேட்நெட் கூடாரம் போடலாம்னு முக்கால் இன்ச் ஜி.ஐ பைப் 7 வாங்கினேன். வேப்பமரத்துக் கவையில கொடுத்து வளைச்சதுல 3 பைப் நடுவுல மடங்கிப் போச்சு. மிச்சம் இருக்குற 4 பைப்பைத் தொடவே பயமா இருக்கு. பட்டறையில கேட்டா, வளைக்கிற கூலியே பைப் விலைக்குப் பக்கத்துல வருது. வீட்டுலயே வளைக்க ஏதாச்சும் வழி இருக்குங்களா?’ - திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார்.

படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. அந்த மரக்கவை வேலையை நானும் செய்தவன்தான். ஐந்தாவது பைப் மடங்கியது. காசு போட்டு வாங்கியதை வீசவா முடியும்? சுத்தியலால் தட்டி, வெள்ளி பெயின்ட் அடித்து, அதையும் வரிசையில் நட்டு வலையைக் கட்டினேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி காற்றும் மழையும் சேர்ந்து வந்தது. காலையில் போய்ப் பார்த்தால், மற்ற வளைவெல்லாம் நிற்கிறது, பெயின்ட் அடித்த அந்த ஒரு வளைவு மட்டும் தட்டிய இடத்திலேயே இரண்டாக மடிந்து கிடக்கிறது. தண்ணீர் தேங்கிய வலை அப்படியே கீழே இறங்கி, 40 குழித்தட்டு மிளகாய் நாற்றை அமுக்கிவிட்டது. அந்த வருஷம் வெளியில் நாற்று வாங்கித்தான் நட்டேன்.

பப்பாளிக் காம்பைப் பாருங்கள்

பைப் ஏன் மடங்குகிறது என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு பப்பாளி இலைக் காம்பை எடுத்து வளைத்துப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பதால், கொஞ்ச தூரம் வளையும், அப்புறம் பொசுக்கென்று மடிந்துவிடும். மடிவதற்கு முன்னால் அந்த இடம் தட்டையாவதையும் கவனிக்கலாம். இரும்பு பைப்பிலும் இதேதான் நடக்கிறது. வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நெருக்குப்படுகிறது. இரண்டும் சேர்ந்து உருண்டையான பைப்பை முட்டை வடிவத்துக்குத் தள்ளுகின்றன. தட்டையாகத் தட்டையாக பைப்பின் பலம் குறையும். குறைந்த இடத்திலேயே மேலும் வளையும். ஒரு கட்டத்தில் உள்பக்கச் சுவர் உள்ளே விழுந்துவிடும்.

ஆக, இரண்டு வழிகள்தான். ஒன்று, வளைவை ஒரே இடத்தில் விழவிடாமல் நீளம் முழுக்கப் பரப்ப வேண்டும். கூடார வளைவு மாதிரி பெரிய வளைவுகளுக்கு இது போதும். இன்னொன்று, பைப் தட்டையாகாதபடி உள்ளே எதையாவது அடைக்க வேண்டும். கைப்பிடி, கொக்கி மாதிரி சின்ன வளைவுகளுக்கு இது தேவைப்படும். மரக்கவை ஒரே புள்ளியில் அழுத்துகிறது, உள்ளேயும் எதுவும் இல்லை. மடங்காமல் என்ன செய்யும்?

கடையிலேயே கவனம்

ஜி.ஐ பைப்பில் மஞ்சள், நீலம், சிவப்பு என்று பட்டை போட்டிருப்பார்கள். மஞ்சள் என்றால் ‘ஏ’ கிளாஸ், லேசானது. நீலம் ‘பி’, நடுத்தரம். சிவப்பு ‘சி’, கனமானது. முக்கால் இன்ச் பைப்பின் வெளி விட்டம் எந்த கிளாஸிலும் சுமார் 27 மில்லிமீட்டர்தான். சுவரின் கனம்தான் மாறும். ‘பி’ கிளாஸில் 2.6 மில்லிமீட்டர், ‘சி’ கிளாஸில் 3.2 மில்லிமீட்டர். சுவர் மெலிய மெலிய மடங்கும் ஆபத்து கூடும். விலை குறைவு என்று கட்டில், நாற்காலி செய்யும் மெல்லிய பைப்பை வாங்கி வந்து கூடாரத்துக்கு வளைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வளைக்கும்போதும் மடங்கும், காற்றிலும் மடங்கும். சின்னக் கூடாரத்துக்கு ‘பி’ கிளாஸ் வாங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

முளை அடித்து அச்சு

வாசகர் கேட்ட 10 அடி அகலக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் பைப் என்பது ஏறத்தாழ 19 அடி 8 இன்ச். 10 அடி அகல அரைவட்டத்துக்கு வளைவு நீளம் 15 அடி 8 இன்ச் போகும். மிச்சம் 4 அடி. இரண்டு பக்கமும் 2 அடி நேராக விட்டுவிடுங்கள். அதில் ஒன்றரை அடி மண்ணுக்குள், அரை அடி மேலே. நடு உயரம் ஐந்தரை அடி கிடைக்கும்.

10 அடி அகலம் என்றால் 5 அடி ஆரத்தில் அச்சு போட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிப் போட்டால் பைப்பை விட்டதும் விரிந்துகொண்டு போய்விடும். இரும்புக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வளைத்ததில் ஒரு பங்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். முக்கால் இன்ச் பைப்பில் 5 அடி ஆரம் வேண்டுமானால், அச்சை நாலேகால் அடி ஆரத்தில் போட்டுத் தொடங்குங்கள்.

கட்டாந்தரையாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மழை பெய்து ஊறிய மண்ணில் முளை நிற்காது. நடுவில் ஒரு குச்சியை ஊன்றி, நாலேகால் அடிக் கயிறு கட்டி வட்டம் கிழியுங்கள். அந்தக் கோட்டின் மேல் 9 இன்ச்சுக்கு ஒன்றாக, இரண்டரை அடி நீளக் கம்பி அல்லது ஆங்கிள் துண்டை 2 அடி ஆழத்துக்கு அடித்து இறக்குங்கள். பாதி வட்டத்தோடு நிறுத்தாதீர்கள். இந்த ஆரத்தில் பாதி வட்டம் 13 அடி 4 இன்ச்தான் வரும். நமக்கு 15 அடி 8 இன்ச் வேண்டும். அதுவரைக்கும் முளை போக வேண்டும். மொத்தம் 22 முளை ஆகும். பழைய ஹோஸ் துண்டுகளை முளையில் செருகிவிட்டால் பைப்பின் துத்தநாகப் பூச்சு உரியாது. கடைசியாக, முதல் முளையிலிருந்து ஒன்றரை அடி பின்னால், பைப்புக்கு வெளிப்பக்கமாக ஒரு கடப்பாரையை ஆழமாக ஊன்றுங்கள். பைப்பின் வால் பகுதியை அதுதான் தாங்கப்போகிறது.

இனி வளைக்கலாம். இரண்டு பேர் வேண்டும். பைப்பின் ஓரத்திலிருந்து 2 அடி அளந்து சாக்பீஸ் கோடு போட்டு, அந்தக் கோடு முதல் முளையில் வருமாறு வையுங்கள். பைப்பின் நீளவாக்கில் ஒரு வெல்டிங் கோடு ஓடும். தடவிப் பார்த்தால் தெரியும். அந்தக் கோடு வானத்தைப் பார்த்து இருக்கட்டும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வந்தால், அதிக நெருக்கமும் இழுப்பும் படும் இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஒருவர் தூர முனையைப் பிடித்து நிதானமாக நடந்து சுற்றி வர வேண்டும். இன்னொருவர், பைப் முளையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கை வைத்து, அச்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டே நகர வேண்டும். மடங்காமல் காப்பது இந்த இரண்டாவது ஆள்தான். நடப்பவர் அவசரப்பட்டு இழுத்தால் வேலை கெட்டுவிடும். கடைசி 2 அடிக்கு வரும்போது பிடிமானம் குறைந்து பலம் போதாது. அப்போது 4 அடி நீளமுள்ள ஒன்றேகால் இன்ச் பைப் துண்டை முனையில் செருகி, அதை நெம்புகோலாகப் பிடித்துத் தள்ளுங்கள். முடியும்போது கால்கள் இரண்டும் உள்பக்கமாக நெருங்கி நிற்கும். பயப்பட வேண்டாம், விட்டதும் விரியும். விடும்போது மட்டும் மெதுவாக விடுங்கள். பட்டென்று விட்டால் எதிரில் நிற்பவர் முழங்காலை உடைக்கும்.

முழு பைப்பை எடுப்பதற்கு முன், மடங்கிப்போன பைப்பின் நல்ல பாதியை வெட்டி எடுத்து அச்சில் வளைத்துப் பார்த்துவிடுங்கள். களத்தில் 5 அடி ஆரத்துக்கு சாக்பீஸால் ஒரு வளைவு கிழித்து, அதன் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கோட்டைவிட விரிந்திருந்தால் முளைகளை 2 இன்ச் உள்ளே நகர்த்த வேண்டும். சுருங்கியிருந்தால் கவலை இல்லை. காலால் மிதித்துக் கையால் இழுத்து விரித்துக்கொள்ளலாம். விரிப்பது சுலபம், சுருக்குவதுதான் கஷ்டம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 20 அடி இரும்பு பைப்பைத் தோட்டத்துக்குள் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். வயலுக்கு மேல் போகும் மின்கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே போதும். படுக்கவைத்து, இரண்டு முனையிலும் ஆள் பிடித்துத்தான் கொண்டு போக வேண்டும். அச்சு போடும் இடமும், கூடாரம் போடும் இடமும் கம்பிக்குக் கீழே வேண்டாம்.

சின்ன வளைவுக்கு மணல்

களைக்கருவிக் கைப்பிடி, தள்ளுவண்டிக் கைப்பிடி போன்றவற்றுக்கு இறுக்கமான வளைவு வேண்டும். இங்கே மணல்தான் துணை. ஆற்று மணலைச் சல்லடையில் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறவிடுங்கள். பைப்பின் ஒரு முனையில் மரக்கட்டையை ஆப்பு மாதிரி செதுக்கி அடித்துவிட்டு, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே பைப்பைக் குச்சியால் தட்டுங்கள். தட்டத் தட்ட மணல் இறங்கும். இறங்குவது நின்ற பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் தட்டி, மேலே நிரப்பி, மறுமுனையிலும் ஆப்பை இறுக்கி அடியுங்கள். மணல் தளர்வாக இருந்தால் போட்டும் பயனில்லை. முக்கால் இன்ச் பைப்பை 6 இன்ச் ஆரத்துக்குக் கீழே வீட்டில் வளைக்க முயற்சி செய்யாதீர்கள். வளைக்கும்போது பழைய தள்ளுவண்டிச் சக்கரத்தின் ரிம், கெட்டியான மர உருளை என்று வட்டமான ஒன்றின் மேல் வைத்துத்தான் வளைக்க வேண்டும்.

‘சூடு காட்டினால் சுலபமாக வளையுமே’ என்பார்கள். வளையும்தான். ஆனால் ஜி.ஐ பைப்பைச் சூடாக்காதீர்கள். துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து குளிர் காய்ச்சல், உடம்பு வலி, இருமல் என்று படுக்கவைத்துவிடும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். பூச்சு போன இடத்தில் துருவும் சீக்கிரம் ஏறும். சூடு காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பூச்சில்லாத கறுப்பு பைப்பை வாங்குங்கள். அப்போதும் மணலில் துளி ஈரம் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அடைத்த பைப்புக்குள் ஈரம் ஆவியானால் ஆப்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். சூடாக்கும் பைப் என்றால் ஒரு பக்க ஆப்பில் ஆணியால் ஓட்டை போட்டு, ஆவி போக வழி விடுங்கள். அந்த முனைக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.

செம்புக் குழாய்க்கு வேறு கணக்கு. டீசல் இன்ஜினில் டேங்க்கிலிருந்து வரும் சின்ன செம்புக் குழாய் நாளாக நாளாக அதிர்ந்து அதிர்ந்து விறைத்துப்போகும். அப்படியே வளைத்தால் விரிசல் விடும். கழற்றி, டீசல் வாடையே இல்லாமல் கழுவிக் காயவைத்து, மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். இரும்புக்கு நேர்மாறாக, செம்பு இப்படிச் செய்தால் இளகிவிடும். பிறகு குழாய்க்கு மேல் சரியாகப் பொருந்தும் ஸ்பிரிங்கை மாட்டி, கட்டை விரலால் வளைக்கலாம். எரிபொருள் போகும் குழாயில் மணல் வேண்டாம், ஒரு மணல் தங்கினாலும் பம்புக்குக் கேடு. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் தடித்த இரும்புக் குழாயைத் தொடாதீர்கள். அழுத்தம் அதிகம், அதை வாங்கித்தான் மாட்ட வேண்டும்.

வாசகர்களின் துணைக் கேள்விகள்

மடங்கிய பைப்பைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தலாமா?

வளைவாகப் பயன்படுத்த முடியாது. மடிந்த இடத்தில் இரும்பு ஏற்கெனவே களைத்திருக்கும், பூச்சும் உரிந்திருக்கும். மடங்கிய ஓர் அடியை வெட்டி எறிந்துவிட்டு, மீதித் துண்டுகளை வளைவுகளை இணைக்கும் குறுக்கு பைப்பாகப் போடுங்கள். முதலில் கேட்ட வாசகரின் 3 பைப்பும் அப்படித்தான் பயன்படப் போகின்றன. 5 அடி இடைவெளியில் மீதி 4 பைப்பை நட்டால் 15 அடி நீளக் கூடாரம் கிடைக்கும்.

சதுர பைப்பை முளை அச்சில் வளைக்கலாமா?

வேண்டாம். சதுர பைப்பின் தட்டையான உள்பக்கம் உருண்டை பைப்பைவிடச் சீக்கிரம் உள்ளே குழிந்துவிடும். ரோலர் மிஷின் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள்.

இரும்புக்குப் பதில் பி.வி.சி பைப்பையே வளைத்துப் போட்டால் என்ன?

தாழ்வான நாற்றங்கால் பாத்திக்குப் போடலாம். வெயிலில் கிடந்தால் சில வருஷத்தில் நொறுங்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். வளைக்க நெருப்பில் காட்டாதீர்கள், அந்தப் புகை மோசமானது. உள்ளே சூடான காய்ந்த மணலைக் கொட்டிச் சில நிமிஷம் வைத்தால் இளகும். வளைத்துப் பிடித்து, ஈரத் துணியால் துடைத்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும்.