தறி வீட்டிலிருந்து கல்லூரிக்கு... பணம் மட்டும் போதுமா?

ஆரணியில் பட்டுத் தறி ஓடும் வீடுகளில் கூலி மாதச் சம்பளம்போல வராது. புடவையை அறுத்துக் கொடுத்தால்தான் காசு. கல்லூரியோ தேதி குறித்து, மொத்தமாகக் கேட்கிறது. முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினால், அது கழியும்வரை அந்தத் தறியை விட்டு எழ முடியாது. ‘பேசாம பையனும் ஒரு தறியில உட்காரட்டுமே’ என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இத்தனைக்கும் உதவிகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் முதல் பட்டதாரி என்றால், கவுன்சலிங்கில் சேரும் பொறியியல் மாணவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. 6-ம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித இடஒதுக்கீடு. அதில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2022-ல் வந்த ‘புதுமைப் பெண்’, 2024-ல் வந்த ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்.

ஆனால், ‘சீட் போயிடும்’ என்ற பயத்தில் கவுன்சலிங்குக்கு முன்பே மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிவிட்டால்? முதல் பட்டதாரி சலுகையும் இல்லை, 7.5 சதவிகிதமும் இல்லை. கடன் மட்டும்தான் மிச்சம். ஆரணியை அடுத்த தச்சூரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது என்பதைக்கூட அந்த நேரத்தில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நெசவாளர் வீடுகளுக்கென்றே இன்னொன்று உண்டு. கைத்தறி நெசவாளர்களின் பிள்ளைகள் அரசு அங்கீகாரம் பெற்ற ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் டிப்ளமோவோ பட்டமோ படித்தால், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்வரை மத்திய அரசு உதவுகிறது. ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள்வரை. 1960-ல் தொடங்கிய சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் அப்படி ஓர் இடம். விவரம் கேட்க, காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையம் பக்கத்திலேயே இருக்கிறது.

சீட் கிடைத்துவிட்டால் கவலை முடிந்ததா? தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் எல்லாமே இங்கிலீஷ். இரண்டு அரியர் விழுந்தால், ‘நமக்கு வராது’ என்று பெட்டியைக் கட்டத் தோன்றும். அப்பா அம்மா தெம்பு சொல்வார்கள். அரியரை எப்படி எழுதி முடிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கிய ‘அகரம்’ அறக்கட்டளை இந்த இடத்தில்தான் வித்தியாசப்படுகிறது. 2010 முதல் நடக்கும் அதன் ‘விதை’ திட்டத்தில், விண்ணப்பித்தவரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தேர்வானால் படிப்புச் செலவோடு நிற்பதில்லை. ஆங்கிலப் பயிற்சி, வேலைக்கான பயிற்சி, கூடவே அவ்வப்போது பேச ஒரு வழிகாட்டி. 15 ஆண்டுகளில் 6,000-க்கும் மேற்பட்டோர் இதில் படித்திருக்கிறார்கள். அவர்களில் 51 பேர் மருத்துவர்கள், சுமார் 1,800 பேர் பொறியாளர்கள் என்று 2025 ஆகஸ்ட்டில் நடந்த விழாவில் சொல்லப்பட்டது. இப்படிப் படித்து முடித்தவர்களில் பலர், அடுத்து வரும் மாணவர்களுக்காக இப்போது அகரத்துக்கே தன்னார்வலர்களாகத் திரும்பி வருகிறார்கள்.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வீடுகள் சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடலாம். ரிசல்ட் வந்த வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.